மேஜர் நின்ற இடம்

சட்டைக் கையில் மூன்றாவது பட்டை ஏறியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்துகள். ஹவில்தார் ஆகிவிட்டீர்கள். நாளையிலிருந்து ஒரு கூட்டம் ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முன்னால் போவதா பின்னால் வருவதா என்று முடிவு செய்வார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு, பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் பிடித்த துப்பாக்கியை இப்போது நீங்கள் கண்ணாடி அலமாரியில்தான் பார்க்க முடியும். ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். அது அப்படியேதான் இருக்கிறது.

சாப்பிடும்போது உங்களில் ஒருவர் கேட்டார், நீங்கள் பார்த்ததிலேயே பெரிய தைரியம் எது, எந்தச் சண்டையில் பார்த்தீர்கள் என்று. நான் அதைச் சண்டையில் பார்க்கவில்லை. எங்கள் சேலம் ஜில்லாவிலேயே, சங்ககிரிக்கு அடுத்தாற்போல ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில், பட்டப்பகலில் பார்த்தேன். அன்றைக்கு ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அதற்காகத்தான் அத்தனை பாடும்.

அப்போது எங்கள் கம்பெனிக்குத் தலைவர் ஒரு மேஜர். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு கிராமம் அவருக்கு. கிணற்றுப் பாசனத் தோட்டம், கடலை விளைகிற மேட்டுக்காடு என்று வசதியான விவசாயக் குடும்பம். நான் அம்மாபேட்டையில் தறி ஓட்டியவரின் மகன். ஒரே ஜில்லாக்காரன் என்று எனக்கு எந்தச் சலுகையும் காட்டியதில்லை. ஆனால் மற்றவர்களிடம் பேசாத சொந்தக் கதையை என்னிடம் எப்போதாவது பேசுவார்.

அவருடைய அப்பா கதர்க்காரர். கள்ளுக்கடை மறியலில் நின்று ஜெயிலுக்குப் போய் வந்தவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, கதர்க்கார ஐயன் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரே மகனைச் சட்டம் படிக்கச் சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பினார். மகன் படிப்பை முடித்துவிட்டு, யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் ஆபீசராகச் சேர்ந்துவிட்டு ஊருக்கு வந்தான். அன்றைக்கு வீட்டு வாசலில் நடந்த பேச்சை மேஜர் என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார்.

“யாருக்கோசரம் சண்டைக்குப் போற? வெள்ளைக்காரனுக்கா?” என்று அப்பா கேட்டாராம்.

“இந்தப் பட்டாளம் ஒரு நாளைக்கு நம்முளுது ஆகுமுங்கையா. அன்னைக்குத் தொழில் தெரிஞ்சவன் நாலு பேர் ஓணுமில்லீங்களா?”

“அப்பிடீன்னா அன்னைக்கு வா. அது வரைக்கும் இந்த ஊட்டு வாசப்படி உனக்கில்லை.”

அதோடு சரி. கடிதம் போட்டாலும் பதில் வராது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். ஒரே தங்கை, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. அவள்தான் எப்போதாவது அப்பா சௌக்கியம் என்று எழுதுவாள். பர்மாக் காட்டில் நாங்கள் காய்ச்சலில் கிடந்தபோதும், யுத்தம் முடிந்து திரும்பியபோதும் மேஜர் ஊருக்குப் போகவில்லை. அப்பா சொன்ன நாள் இன்னும் வரவில்லை என்பார்.

அந்த நாளும் வந்தது. நமது கொடி ஏறிய காலையில் கம்பெனியை வரிசையில் நிறுத்தி அவர் பேசியது கொஞ்சம்தான். “இத்தனை நாளும் நாம யாருக்காகச் சண்டை போடறோம்னு நம்ம வீட்டுலயே கேட்டாங்க. நமக்குப் பதில் சொல்ல முடியலை. இன்னையிலிருந்து சொல்ல முடியும். அந்தப் பதிலுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும்.” அவ்வளவுதான். ஆனால் சுதந்திரம் வந்ததே தவிர லீவு வரவில்லை. ஊருக்கு ஊர் கலவரம், அகதிகள், ராணுவத்தையே இரண்டாகப் பிரிக்கிற வேலை. இதோ போகலாம், அதோ போகலாம் என்று இருக்கும்போதே வடக்கே எல்லையில் சண்டை மூண்டது. எங்கள் கம்பெனிக்கு உத்தரவு வந்துவிட்டது.

கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஸ்பெஷல் ரயில். முன்னால் நாங்கள், பின்னால் மார்ட்டர் குண்டுகள் ஏற்றிய வேகன்கள். ஈரோடு தாண்டி, காவிரிப் பாலத்தில் ரயில் ஏறியபோது காலை வெயில் தண்ணீரில் அடித்தது. பள்ளிபாளையம் கரை வந்ததிலிருந்து மேஜர் கதவோரமாக நின்றுகொண்டார். சங்ககிரி மலை தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “அந்தப் பனை வரிசை தெரியுதா? அதுக்கு அந்தாண்டை எங்க ஊர். நடந்தே போயிட்டு வந்துடலாம்.”

“வீட்டுக்குச் சொல்லியிருக்கலாமே சார்? ஸ்டேஷனுக்கு வந்திருப்பாங்க.”

“பட்டாள ரயில் எப்ப எந்த வழியாப் போகுதுன்னு வீட்டுக்கு எழுதறதா? நீ எழுதினியா?”

நான் எழுதவில்லை.

சங்ககிரி தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரயில் குலுங்கி நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தோரம் ஓடி வந்தார். பின்னாலிருந்த ஒரு வேகனின் சக்கரத்து அச்சு சூடேறி, அதிலிருந்த கிரீஸ் தீப்பிடித்து, வேகனின் பலகைத் தரைக்கும் தீ தாவியிருந்தது. தரைக்கு மேலே குண்டுப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

நாங்கள் நின்றது ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள். ஒரு பக்கம் ஓட்டுக் கட்டடம், கிணறு. மறுபக்கம், தண்டவாளத்தை ஒட்டினாற்போலவே ஒரு கிராமம். ஓலைக் கூரைகள், சோளத்தட்டுப் போர்கள். ஒரு பொறி விழுந்தால் போதும். ஸ்டேஷன் மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“சார், அதை மட்டும் கழட்டி விட்டுட்டு நீங்க உடனே கிளம்பிடுங்க. உங்க ஆளுங்க பத்திரமாப் போயிடலாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க.”

“விட்டுட்டுப் போனா இந்த ஊர் என்ன ஆகும்?” என்று மேஜர் கேட்டார். “அப்புறம், அங்க மலை மேல குண்டு இல்லாம நிக்கறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவர் முடிவெடுத்த விதத்தைக் கவனியுங்கள். கத்தவில்லை. ஓடவில்லை. எதிரிலும் பின்னாலும் வருகிற வண்டிகளை அந்தந்த ஸ்டேஷனிலேயே நிறுத்தச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரைத் தந்திக் கருவிக்கு அனுப்பினார். எரிகிற வேகனுக்குப் பின்னால் இருந்தவற்றைக் கழற்றி ஆட்களை விட்டே தள்ளி நிறுத்தினார். அந்த வேகனை மட்டும் எஞ்சின் தள்ளிக்கொண்டுபோய், ஊருக்கு எதிர்ப்புறம் கடலைக்காட்டுக்குள் முடிகிற பக்கத் தண்டவாளத்தின் கடைசியில் விட்டது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் செய்துவிட்டு மீதி ரயிலை வெகுதூரம் இழுத்துப்போனார். எனக்கு வந்த உத்தரவு, ஊரைக் காலி செய்து எல்லாரையும் ஊருக்குப் பின்னாலிருந்த ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோவது, கரை மேல் நின்று யாரையும் திரும்ப விடாமல் பார்ப்பது.

நான் புறப்படும் முன் அவர் கம்பெனியிடம் பேசியது காதில் விழுந்தது. “வேகன் தரை எரியுது. தண்ணி ஊத்தினா ஓரத்துல அணையும், பெட்டிக்கு அடியில அணையாது. பெட்டியை எல்லாம் இறக்கினாத்தான் தீயை அணைக்க முடியும். வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது. முதல் பெட்டியை நான் எடுக்கறேன்.” சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறினார்.

பெட்டிகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக் கடலைக்காட்டுக்குப் போக வேண்டும். அடி வரிசைப் பெட்டிகள் தொட்டால் சுட்டன. கல்யாணமாகிச் சில நாட்களே ஆன ஒரு சிப்பாய், கைக்கு வந்த பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நடக்க ஆரம்பித்தானாம். வரிசையில் இருந்த எல்லாரும் மேஜரைத்தான் பார்த்தார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? துப்பாக்கியை நீட்டியிருப்பீர்களா? அவர் அந்தப் பெட்டியைத் தானே எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, “நீ கிணத்துல தண்ணி எறை. அதுக்கும் ஆள் வேணும்” என்றார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர் இறைத்தான். வரிசை மறுபடி நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வாளியை வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊரைக் காலி செய்வது குண்டு இறக்குவதைவிடச் சுலபமாக இல்லை. சனங்கள் கிளம்பினார்கள், மாடு கன்றுகளை விட்டு வர மனமில்லை. “எருமையெ உட்டுப்போட்டு எப்பிடிங்க வாரது?” என்று ஒரு விவசாயி கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவுத்து ஓட்டிக்கிட்டே வாங்க” என்றேன். அவர் எருமையை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை ஏறும்போது திரும்பி வேகன் பக்கம் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, அங்க மேல நிக்கறது கதர்க்கார ஐயனூட்டுப் பையனாட்ட இருக்குதுங்களே?”

ஆமாம் என்றேன்.

“அட சாமி. அவிய ஐயன் படுத்த படுக்கையாக் கெடக்கறாருங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. நெனவு வாரப்பல்லாம் மகனெத்தான் கேக்கறாருங்க.” என் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்திலிருந்த ஆளைச் சைக்கிளில் மேஜரின் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

எரிகிற வேகனுக்குள் நிற்கிறவரிடம் இப்படி ஒரு செய்தியைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். மறைத்தால் அவர் முடிவை நான் எடுத்ததாகிவிடும் என்று பட்டது. கரையில் இன்னொருவனை நிறுத்திவிட்டு ஓடினேன். வேகன் வாசலில் பெட்டியோடு நின்றார். சொன்னேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே நின்றவனிடம் பத்திரமாகக் கொடுத்தார்.

“ஊர் காலியாயிடுச்சா?”

“ஆச்சு சார். சார், நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. இங்க நான் நிக்கறேன். பாதிக்கு மேல இறக்கியாச்சு.”

கரி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையைக் காட்டினார். “இவங்க பெட்டியைப் பாத்துத் தூக்கலை. என்னைப் பாத்துத் தூக்கறாங்க. நான் இப்ப எறங்கிப் போனா, எது நடந்தாலும் நடக்காட்டியும், இனிமே நான் நில்லுன்னு சொன்னா எவன் நிப்பான்? நீ கரைக்குப் போ. அங்கதான் ஜனங்க இருக்காங்க.”

நான் கரைக்குத் திரும்பினேன். வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் வண்டித்தடத்தில் ஒரு மாட்டு வண்டி வந்தது. வைக்கோல் பரப்பி, மெத்தை விரித்து, அதன் மேல் வெள்ளைக் கதர்ப் போர்வையில் ஒரு மனிதர். எலும்பும் தோலுமாக இருந்தார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேஜரின் தங்கை. கண்ணைப் பார்த்ததுமே அண்ணன் ஜாடை தெரிந்தது. மகன் வந்திருக்கிறான், ஆனால் வர முடியாமல் நிற்கிறான் என்று கேட்டதும் கிழவர், அவன் வரலீன்னா நான் போறேன், வண்டியப் பூட்டுங்க என்று பிடிவாதம் பிடித்தாராம்.

வண்டியைக் கரையில் நிறுத்தினேன். தங்கை கீழே இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

“எங்கண்ணனெக் கூப்புடுங்க.”

“அம்மா, இதுக்கு மேல யாரும் போகக் கூடாது. அவரும் இப்ப வர முடியாது.”

“பெத்தவரு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருக்கறாருங்க. இத்தன வருசமா மூஞ்சி பாக்கலே. வந்து ஒருக்காக் கையெத் தொட்டுட்டுப் போறதுக்கு என்னங்க? நீங்கெல்லாம் நூறு பேரு இருக்கறீங்களே, அவரு ஒருத்தரு இல்லாட்டி ஆவாதா?”

வண்டிக்குள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது.

“அம்மணி, சித்த இரு. சாமி, இப்பிடி வாங்க.” நான் வண்டியருகே குனிந்தேன். “அந்த ரயிலு வண்டீல என்ன இருக்குது?”

“குண்டுங்க ஐயா. தரை தீப்பிடிச்சிருக்கு. இறக்கிட்டிருக்காங்க.”

“யாருக்கோசரம் போவுது?”

“எல்லையில சண்டை நடக்குதுங்க. அங்க நிக்கற நம்ம ஆளுங்களுக்கு.”

“நம்ம ஆளுகளுக்கா?”

“ஆமாங்க. நம்ம கொடிக்குக் கீழ நிக்கறவங்களுக்கு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நினைவு தப்பிவிட்டதோ என்று பயந்தேன். பிறகு சொன்னார்: “அப்ப அவனெக் கூப்புடாதீங்க.”

“ஐயா” என்று மகள் ஆரம்பித்தாள்.

“கூப்புட வேண்டாம் அம்மணி. என்னெ நிமுத்தி உக்கார வெய்யி. எனக்குக் கண்ணு மசமசங்குது. நீ பாத்துச் சொல்லு, அவன் என்ன பண்றான்னு.”

அவள் வண்டியில் ஏறி அவரை நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். முதலில் கோபத்தோடுதான் சொன்னாள். “பெட்டியெத் தூக்கறாரு. குடுக்கறாரு. மறுக்கா உள்ள போறாரு.”

“சட்டை போட்டிருக்கறானா?”

“இல்லீங்க. மேலெல்லாம் கரியா இருக்குது.”

“எளைச்சுப் போயிட்டானா?”

“தெரியலீங்கையா. தூரமா இருக்குது.” அவள் குரலில் கோபம் எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. “நெட்டையாத் தெரியறாரு. எல்லாத்துக்கும் முன்னால அவருதான் நிக்கறாரு. பெட்டியெ வாங்கறவன் தடுமாறுனா தோளப் புடிச்சு நிறுத்தறாரு.”

ஒரு கட்டத்தில் வேகனிலிருந்து புகை திடீரென்று கறுத்துக் கிளம்பியது. தரைப்பலகையின் ஒரு பாகம் உள்வாங்கியதாகப் பிறகு சொன்னார்கள். வரிசையில் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். வாசலில் ஆளைக் காணோம்.

“ஏன் அம்மணி சொல்ல மாட்டேங்கற?”

“உள்ள போனாருங்க. வெளிய வல்லே.”

கிழவரின் கை வண்டியின் முளைக்குச்சியைப் பற்றியது. பிறகு அவள், “வந்துட்டாருங்க. ஒரு பெட்டியெக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

வாசலில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் மேஜர் கரைப்பக்கம் பார்த்தார். மாட்டு வண்டியைக் கண்டுகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் பக்கம் பாக்கறாருங்கையா.”

“வாரானா?”

“இல்லீங்க. திரும்பி உள்ள போயிட்டாரு.”

கிழவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் நடந்ததை ஆட்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள். மேஜர் உள்ளே போனதும் கரை இருந்த திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆட்கள் பக்கம் திரும்பி, “அடுத்த பெட்டி” என்றாராம். வண்டியில் யார் என்று அதற்குள் வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பெட்டிகள் போன வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பெட்டி இறங்கியதும் தண்ணீரை ஊற்றினார்கள். வேகன் பெருமூச்சு விட்ட மாதிரி ஆவி கிளப்பிக்கொண்டு அடங்கியது. மேஜர் ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்த்து, யாருக்கும் காயமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கரைக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளமாக இருந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாதான் முதலில் பேசினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்கையா.”

“அத்தனை பெட்டியுமா?”

“அத்தனையும்.”

கிழவர் கையை நீட்டி, மகனுடைய கரி அப்பிய தோளைத் தடவினார். “அன்னைக்கு வான்னு சொன்னேன். வந்துட்டே.” பிறகு தண்ணீர் கேட்டார். தங்கை சொம்பை எடுத்தாள். அவர் தலையசைத்து மகனுடைய இடுப்பைக் காட்டினார். மேஜர் பெல்ட்டில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கழற்றி, அப்பாவின் தலையைத் தாங்கி வாயில் விட்டார். சர்க்கார் கொடுத்த எதையும் தொடுவதில்லை என்று இருந்தவர் அந்த மனிதர். இரண்டு மடக்குக் குடித்தார்.

“மறுக்கா ஏத்தோணுமில்ல? போ. அங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”

மேஜர் வண்டிக்குள் குனிந்து அப்பாவின் பாதத்தில் நெற்றியை வைத்தார். நிமிர்ந்து இரண்டடி நடந்ததும் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, ஐயன் போவச் சொல்லிட்டாரு. நான் சொல்லலீங்க.”

அவர் திரும்பினார். “தெரியுது அம்மணி” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? நடந்துவிட்டார்.

கடலை மூட்டை ஏற்றுவதற்காக நிறுத்தியிருந்த ஒரு காலி வேகனை ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்தார். பெட்டிகள் ஆறியதும், ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் ஏற்றினோம். பொழுது சாயும் முன் ரயில் கிளம்பியது. மாட்டு வண்டி இன்னும் ஏரிக்கரையில்தான் நின்றது. மேஜர் கதவோரம் நின்று, அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கையில் மருந்து போடச் சொன்னார்.

அப்பா மறுநாள் காலமானார். நாங்கள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தந்தி கிடைத்தது. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்திருந்தான். அந்தக் குளிரில் மேஜர் கம்பெனி நாவிதரைக் கூப்பிட்டு மொட்டை அடித்துக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மார்ட்டர்களைப் பார்க்கப் போனார். தங்கையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். முதல் லீவில் அவள் வீட்டுக்குப் போனபோது இலை போட்டுப் பரிமாறினாளாம், பேசவில்லையாம். அதற்கடுத்த லீவில் பேசினாள் என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதோடு நிறுத்திவிட்டால் நீங்கள் தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டு போவீர்கள். எங்கள் கம்பெனியிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

மலையில் எங்கள் போஸ்ட்டுகள் இருந்த சமயம். ஆத்தூரிலிருந்து வந்த ஒரு சிப்பாய். அம்மாவும் அவனும் மட்டும்தான். அம்மாவுக்கு உடம்பு மோசம், பார்க்க வேண்டுமானால் உடனே வரவும் என்று தந்தி. கீழே போகிற லாரி அன்று பிற்பகல் கிளம்புகிறது. அதை விட்டால் மறுபடி எப்போது வழி திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவன் சுபேதாரிடம் போய் நின்றான். அவனுக்குக் காவல் முறை மேட்டு உச்சியில் இருந்த போஸ்ட்டில். மாற்றுக்கு ஆள் இல்லை. பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். சுபேதார் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இது: “மேஜர் சார் அப்பா கண்ணு முன்னாடி சாகக் கிடந்தாரு. அவரு எரியற வேகனை விட்டு நகரலை. நீ அவரைவிடப் பெரிய ஆளா?”

மேஜர் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. மேஜர் அந்தத் தந்தியை வாங்கிப் படித்தார். சுபேதாரை அவன் எதிரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிப்பாயிடம், “உன் மூட்டையைக் கட்டு” என்றார்.

அவன் நகரவில்லை. அவனுக்கே வெட்கமாகிவிட்டது. “வேணாங்க சார். நீங்க உங்க அப்பாவுக்கே போகலை. நான் எப்படிப் போறது?”

“அன்னைக்கு என் இடத்துல நிக்க வேற ஆள் கிடையாது. உன் இடத்துல நிக்க நான் இருக்கேன். கிளம்பு, லாரி போயிடும்.”

அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சிப்பாய்கள் போடுகிற கம்பளிக் கோட்டையும் அவனிடமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அது அவருக்குக் கை எட்டவில்லை. சுபேதாரும் நானும் பார்த்துக்கொண்டே நிற்க, பனியில் கால் வைத்து மேட்டில் ஏறினார். லாரி வளைவில் திரும்பும்போது அந்த ஆத்தூர்க்காரன் பின்பக்கத்தில் எழுந்து நின்று மேலே பார்த்தான். உச்சியில், அவன் நிற்க வேண்டிய இடத்தில், மேஜர் நின்றுகொண்டிருந்தார்.